விதியை மாற்றினால் ஆட்டம் மாறும்: சிறுவர் கால்பந்தில் தாக்குதலைக் கற்றுத்தரும் பயிற்சி ஆட்டங்கள்

1925ஆம் ஆண்டு வரை, முன்னேறிச் சென்று பந்தை வாங்கும் ஆட்டக்காரருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூவராவது இருந்தாக வேண்டும்; இல்லையென்றால் ஆஃப்சைடு. அந்த ஆண்டில் மூன்று என்பதை இரண்டு என்று திருத்தினார்கள். இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்கில் திருத்தத்துக்கு முந்தைய பருவத்தில் 1,848 ஆட்டங்களில் 4,700 கோல்கள் விழுந்திருந்தன. அடுத்த பருவத்தில் அதே எண்ணிக்கையிலான ஆட்டங்களில் 6,373 கோல்கள் விழுந்தன. பந்து, மைதானம், ஆட்களின் எண்ணிக்கை எதுவும் மாறவில்லை. ஒரே ஓர் எண் மாறியதும் முன்னால் போவதற்கான வழி திறந்துகொண்டது. தற்காப்பு அணிகளும் நடுவில் ஆடியவரைப் பின்னுக்கு இழுத்து அதற்கு ஒரு பதிலைக் கண்டுபிடித்தன.

எட்டு முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஒவ்வொருவர் கையிலும் இதே கருவி இருக்கிறது. “விரிஞ்சு நில்லுங்க”, “தலையைத் தூக்கிப் பாருங்க”, “முன்னாடி ஓடுங்க” என்று கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை வறளக் கத்துவதால் வராத ஒன்று, கோல் இருக்கும் இடத்தை மாற்றினாலோ, கோலுக்குக் கிடைக்கும் புள்ளியை மாற்றினாலோ, ஆட்டத்தின் நடுவிலேயே தானாக வந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் அதே விதி தவறான பழக்கத்தையும் அதே வேகத்தில் ஊன்றிவிடும். எந்த விதி எதை வளர்க்கும், எதைக் கெடுக்கும், அதை எப்போது எடுத்துவிட வேண்டும் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கர், ராட் தார்ப் ஆகிய இருவரும் 1982இல் முன்வைத்த விளையாட்டுக் கற்பித்தல் முறையில் இதற்கு அடிப்படையான இரண்டு கருத்துகள் உண்டு. பெரியவர்களின் ஆட்டத்தைச் சிறுவர்களின் உடலுக்கும் அறிவுக்கும் ஏற்பச் சுருக்கலாம், ஆனால் அதன் உயிரான சிக்கல்கள் அப்படியே இருக்க வேண்டும் என்பது ஒன்று. எந்தச் சிக்கலைக் கற்றுத்தர நினைக்கிறோமோ அதை மட்டும் பெரிதாக்கி, பிள்ளையின் கண்ணில் படாமல் போகவே முடியாதபடி வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இனி வரும் எல்லாமே இந்த இரண்டின் விரிவுதான்.

முதல் படி: தாக்குதல் எங்கே முறிகிறது என்று பாருங்கள்

விதியைத் தேடுவதற்கு முன் கோளாறைத் தேட வேண்டும். உங்கள் அணி ஆடும் ஆட்டத்தை இருபது நிமிடம் வாய் திறக்காமல் பாருங்கள். ஒரு தாளில் மைதானத்தை வரைந்து, நீளவாக்கில் இடம், நடு, வலம் என்று மூன்று பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் அணியின் ஒவ்வொரு தாக்குதலும் முடிந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, எப்படி முடிந்தது என்பதை ஓரெழுத்தில் குறியுங்கள்: ஷாட் என்றால் ‘ஷா’, டிரிபிளில், அதாவது பந்தைக் காலால் தட்டிக்கொண்டே முன்னேறும்போது, பறிபோனது என்றால் ‘டி’, பாஸ் தவறியது என்றால் ‘பா’.

பெரும்பாலான சிறுவர் அணிகளில் புள்ளிகள் நடுப் பட்டையில் எறும்புப் புற்றைப் போலக் குவிந்திருக்கும். சில அணிகளில் பந்து ஓரத்துக்குப் போகும், ஆனால் அங்கிருந்து உள்ளே வராது. இன்னும் சிலவற்றில் கோல் வாசல் வரை அழகாகப் போய்விட்டு, அடிக்க வேண்டிய நேரத்தில் இன்னொருவருக்குப் பாஸ் கொடுத்துப் பொறுப்பைத் தள்ளிவிடுவார்கள். இவை மூன்றும் மூன்று வேறு கோளாறுகள். மூன்றுக்கும் மூன்று வேறு ஆட்டங்கள் தேவை. ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாலையில் சரிசெய்ய நினைத்தால் பிள்ளைகளுக்கு விதிகள் மட்டுமே நினைவிலிருக்கும்.

இரண்டாம் படி: ஆட்களும் அளவும்

105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள முழு மைதானத்தின் பரப்பு 7,140 சதுர மீட்டர். 22 பேர் ஆடினால் தலைக்கு ஏறக்குறைய 325 சதுர மீட்டர் வரும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது வயல்வெளி. பந்தைத் தொடாமலே பல நிமிடங்கள் ஓடிக்கொண்டிருப்பான். அதே பிள்ளையை 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள களத்தில் நான்குக்கு நான்கு ஆடவிட்டால், தலைக்கு 75 சதுர மீட்டர்தான். பந்து திரும்பத் திரும்ப அவன் காலுக்கு வரும். ஒவ்வொரு முறையும் பாஸா, டிரிபிளா, ஷாட்டா என்று அவனே முடிவெடுக்க வேண்டிவரும். தாக்குதல் என்பது இந்த முடிவுகளின் தொடர் என்பதால், முடிவெடுக்கும் வாய்ப்புகள் எத்தனை கிடைக்கின்றன என்பதுதான் முதல் கணக்கு.

களத்தின் வடிவத்துக்கும் ஒரு குரல் உண்டு. அகலமாகவும் குட்டையாகவும் கோடு போட்டால் பந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரளும். குறுகலாகவும் நீளமாகவும் போட்டால் பந்து முன்னோக்கிப் பாயும், பின்னாலிருந்து ஆதரவுக்கு ஓடிவரும் பழக்கம் வளரும். பரப்பு மிகச் சிறியதானால் டிரிபிள் செய்ய இடமின்றி எல்லாம் முட்டல் மோதலாகிவிடும். அப்போது பிள்ளைகளைக் குறை சொல்லாமல் கூம்புகளை இரண்டு தப்படி வெளியே நகர்த்துங்கள்.

நாற்பது பிள்ளைகள், மூன்று பந்துகள், ஓர் உடற்கல்வி ஆசிரியர் என்ற நிலை நம் பள்ளிகளில் அரிதல்ல. அந்த மூன்று பந்துகளுக்கும் மூன்று சிறு களங்கள் போடுங்கள். கம்பம் வேண்டியதில்லை, நம் தெருவில் எப்போதும் செய்வதைப்போலச் செருப்புகளே கோலுக்குப் போதும். ஒவ்வொரு களத்திலும் நான்குக்கு நான்காக 24 பேர் ஆட, மற்றவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முழு அணியாக மாறிக்கொள்ளட்டும். வரிசையில் நின்று ஆளுக்கொரு முறை கூம்பைச் சுற்றிவிட்டு ஷாட் அடிக்கும் பயிற்சியில் கிடைக்கும் தொடுதல்களைவிட இதில் எத்தனையோ மடங்கு கிடைக்கும்.

மூன்றாம் படி: நான்கு கோல் ஆட்டம்

ஒரே ஒரு மாற்று ஆட்டத்தைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்று யாராவது கேட்டால், நான் சொல்வது இதைத்தான். இதை வடிவமைத்துப் பரப்பியவர் ஹோர்ஸ்ட் வைன் என்ற ஜெர்மானியர். ‘ஃபுனினோ’ என்ற பெயரில் உலகெங்கும் ஆடப்படுகிறது. வைன் முதலில் ஹாக்கிப் பயிற்சியாளர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் அவர் பயிற்சி தந்த ஸ்பெயின் அணி இறுதி ஆட்டத்தில் 3–4 என்று தோற்றது இந்தியாவிடம்தான். அன்று இந்திய அணியின் தலைவர் ஆரணியில் பிறந்த வாசுதேவன் பாஸ்கரன். ஹாக்கியிலிருந்து கால்பந்துக்கு வந்ததால்தானோ என்னவோ, வழக்கமாக நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் ‘ஒரு பக்கத்துக்கு ஒரு கோல்’ என்பதை அவரால் மாற்றி யோசிக்க முடிந்தது.

களத்தை 30 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம் என்று அமையுங்கள். ஒவ்வொரு முனையிலும் இரண்டு மீட்டர் அகலக் கோல்கள் இரண்டை, நடுவில் 12 மீட்டர் இடைவெளி விட்டு வையுங்கள். கோல் கோட்டிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு அடித்தால்தான் கோல். அணிக்கு மூவர், கோல்கீப்பர் கிடையாது. அணிக்கு ஒருவர் வெளியே காத்திருப்பார். ஒவ்வொரு கோல் விழுந்ததும் இரு அணிகளிலும் ஓர் ஆள் மாறுவார். யார் வெளியேறுவது என்ற வரிசை முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கெட்டிக்காரப் பையன் உள்ளேயே இருப்பான்.

இந்த அமைப்பு என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பந்தோடு இடப்பக்கக் கோலை நோக்கி ஓடுகிறாள். முன்னால் நிற்பவன் மட்டுமின்றி, நடுவில் இருந்தவனும் அவளை நோக்கி வருகிறான். ஒரு கோல் ஆட்டமாக இருந்தால் அவள் முட்டிப் பார்த்திருப்பாள். இங்கே அவளுக்கு இன்னொரு கோல் இருக்கிறது, அதன் முன்னால் யாருமில்லை. உள்ளங்காலால் பந்தை நிறுத்துகிறாள், இடுப்பைத் திருப்புகிறாள், தலை தூக்குகிறாள், வலப்பக்கத்தில் ஓடிவரும் தோழிக்குத் தரையோடு ஒரு பாஸ். கோல் விழுந்ததும் நான் அவளிடம் கேட்டேன்: “ஏன் அந்தப் பக்கம் கொடுத்தே?”

“ரெண்டு பேருமே என்கிட்ட வந்துட்டாங்க சார். அப்போ அங்க யாரும் இருக்க மாட்டாங்கல்ல?”

கால்பந்துத் தாக்குதலின் மையச் செய்தி அந்தப் பதிலில் இருக்கிறது. எதிராளிகளை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கத்தைத் திறப்பது என்பதைப் பலகையில் வரைந்து காட்டியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவளுக்கு அது ஆறு நிமிடத்தில், தன் கண்டுபிடிப்பாகவே கிடைத்தது. ஆறு மீட்டர்க் கோட்டின் வேலையும் சிறியதல்ல. தூரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டுத் தப்பிக்க அது விடாது. பந்தை நல்ல இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுமையைக் கேட்கும்.

ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 2024–25 பருவம் முதல் இந்த வழியையே நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. அங்கே மிகச் சிறிய வயதுப் பிரிவில் இரண்டுக்கு இரண்டு அல்லது மூன்றுக்கு மூன்றாகச் சிறு கோல்களில் ஆடுகிறார்கள். வயது ஏற ஏற ஆட்கள் கூடுகிறார்கள்.

நான்காம் படி: தடுக்காதீர்கள், பரிசு கொடுங்கள்

விதிகளில் இரண்டு வகை உண்டு. ‘இதைச் செய்யக் கூடாது’ என்பது தடை. ‘இதைச் செய்தால் கூடுதல் புள்ளி’ என்பது பரிசு. தடை முடிவைப் பிள்ளையின் கையிலிருந்து பறித்துக்கொள்கிறது; பரிசு முடிவை அவன் கையிலேயே விட்டுவிட்டு, ஒரு பக்கம் கண்ணைத் திருப்புகிறது. இந்த வேறுபாட்டை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

ஒருமுறை, பந்தை வைத்துக்கொண்டே சுற்றும் பழக்கத்தை ஒழிக்க நினைத்து, ஒரு மாதம் முழுக்க எல்லாப் பயிற்சி ஆட்டங்களிலும் ‘இரண்டு டச் மட்டும்’, அதாவது ஒருவர் பந்தை இரண்டு முறை தொடுவதற்குள் கொடுத்துவிட வேண்டும், என்று விதித்தேன். பாஸ்கள் சீராகின, பார்க்க அழகாகவே இருந்தது. பிறகு வந்த ஒரு போட்டியில் எங்கள் இடப்பக்கச் சிறுவனுக்கு முன்னால் ஒரே ஒரு டிஃபெண்டர், அவனுக்குப் பின்னால் வெறும் புல்தரை. ஒரு மாதத்துக்கு முன்பென்றால் தயங்காமல் தாண்டியிருப்பான். அன்று பந்தை நிறுத்தினான், திரும்பினான், பின்னால் பாஸ் கொடுத்தான். அவனிடம் இருந்த துணிச்சலை என் விதி உறிஞ்சிவிட்டிருந்தது. அது திரும்பி வர நெடுநாள் ஆனது. அந்த நாள்களை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

‘எல்லோரும் ஒருமுறை தொட்ட பிறகே கோல் அடிக்கலாம்’ என்பதும் இப்படிப்பட்டதே. கோல் வாசலில் தனியாக நிற்கும் பிள்ளை, தொடாத நண்பனைத் தேடித் திரும்பிப் பார்ப்பான். தாக்குதலின் மிகச் சிறந்த நொடியில் பின்வாங்கக் கற்றுக்கொடுக்கிறோம். ‘பத்துப் பாஸ் ஒரு கோல்’ என்ற ஆட்டம் பந்தைக் காக்கக் கற்றுத்தரும், ஆனால் அதில் திசை கிடையாது. முன்னோக்கிப் போகும் ஆசை இல்லாத பாஸ்களைப் பழக்கிவிட்டால் பிறகு திருத்துவது கடினம்.

பரிசு விதிகளில் எனக்குப் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன். நடுவிலேயே குவியும் அணிக்கு: களத்தை மூன்று பட்டைகளாகப் பிரித்து, இரு ஓரப் பட்டைகளையும் தொட்டு வந்த தாக்குதலின் கோலுக்கு இரண்டு புள்ளி கொடுங்கள். நேராகப் போய் அடித்தாலும் ஒரு புள்ளி உண்டு என்பதை மறக்காதீர்கள்; வழி திறந்திருக்கும்போது நேராகப் போவதுதான் சரி.

பந்தைப் பறித்தும் வேகமாக முன்னேறாத அணிக்கு: பறித்த எட்டு நொடிக்குள் விழும் கோலுக்கு இரண்டு புள்ளி. வெளியே நிற்கும் பிள்ளைகள் உரக்க எண்ணட்டும். அந்தக் குரலே ஆட்டத்துக்குச் சூடேற்றும்.

முன்னால் ஓடி வாங்கத் தெரியாத அணிக்குக் கொஞ்சம் நுணுக்கமான ஆட்டம் வேண்டும். கோல்களை எடுத்துவிட்டு, இரு முனைகளிலும் ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒரு பட்டை போடுங்கள். அந்தப் பட்டைக்குள் பாஸை வாங்கி நிறுத்தினால் கோல். ஆனால் பந்து தோழனின் காலை விட்டுக் கிளம்பிய பிறகே பட்டைக்குள் நுழையலாம், முன்பே போய்க் காத்திருக்கக் கூடாது. முதல் சில நிமிடங்கள் குழப்பமாக இருக்கும். ஓடுபவன் சீக்கிரம் நுழைந்துவிடுவான், அல்லது கொடுப்பவன் தாமதிப்பான். பிறகு இருவரின் கண்களும் சந்திக்கத் தொடங்கும். ஓடுபவன் கோட்டுக்கு இணையாக வளைந்து ஓடி, பந்து கிளம்பும் நொடியில் உள்ளே வெட்டுவதைப் பார்ப்பீர்கள். ஆஃப்சைடு விதியை அவனுக்கு யாரும் விளக்காமலே அதன் நேரக் கணக்கு அவன் காலில் ஏறிவிட்டது.

ஷாட் அடிக்கத் தயங்கும் அணிக்குச் சுருக்கமான மருந்து: களத்தின் நீளத்தை 20 மீட்டராகக் குறைத்து, பெரிய கோல்களும் கோல்கீப்பர்களும் வைத்து மூன்றுக்கு மூன்று ஆடவிடுங்கள். எங்கே நின்றாலும் அடிக்கும் தூரம்தான். தடுக்கப்பட்டுத் திரும்பி வரும் பந்தை அடித்த கோலுக்கு இரண்டு புள்ளி என்றால், ஷாட் அடித்தவரைத் தொடர்ந்து எல்லோரும் ஓடிவருவார்கள்.

பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணிக்கு ஆடும் ‘ஜோக்கர்’ ஒருவரைச் சேர்ப்பதும் பழைய, நல்ல வழி. தாக்கும் பக்கம் எப்போதும் ஓர் ஆள் கூடுதலாக இருப்பதால், தடுமாறும் பிள்ளைகளுக்கும் நிமிர்ந்து பார்க்க ஒரு நொடி கிடைக்கும். ஜோக்கர் கோல் அடிக்கக் கூடாது என்று வையுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு மாலைப் பயிற்சியின் ஓட்டம்

எழுபத்தைந்து நிமிடம் இருப்பதாகக் கொள்வோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வரும் முதல் பத்து நிமிடம், வந்தவர்கள் இரண்டுக்கு இரண்டாக ஆடத் தொடங்கட்டும். எல்லோரும் வரும்வரை நிற்கவைக்காதீர்கள். அடுத்து இருபத்தைந்து நிமிடம் அன்றைக்குரிய மாற்று ஆட்டம், நான்கு நிமிடச் சுற்றுகளாக, நடுவில் தண்ணீர் குடிக்க இடைவெளி விட்டு. நம் வெயிலில் நீண்ட சுற்றுகள் கால்களை மட்டுமல்ல, கண்களையும் களைப்படையச் செய்யும். பிறகு அதே ஆட்டத்தில் ஒரே ஒரு திருத்தத்துடன் பதினைந்து நிமிடம். மீதி நேரம் முழுக்க, எந்தச் சிறப்பு விதியும் இல்லாத சாதாரண ஆட்டம்.

ஒரு சுற்றில் ஒருமுறைக்கு மேல் விசில் ஊதி நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் விடையைச் சொல்லாமல் கேள்வி கேளுங்கள். “இப்போ ஆள் இல்லாத இடம் எங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டு, பிள்ளை கை நீட்டிக் காட்டும்வரை காத்திருங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் சங்கடம், பிள்ளைக்கு அது சிந்திக்கும் நேரம். தவறான இடத்தைக் காட்டினால் “சரி, ஆடிப் பார்ப்போம்” என்று விட்டுவிடுங்கள், ஆட்டமே திருத்தும்.

ஆறாம் படி: இறுக்கவும் தளர்த்தவும்

கோல்கள் மழையாகக் கொட்டினால் ஆட்டம் எளிதாகிவிட்டது. ஜோக்கரை எடுங்கள், அல்லது களத்தைச் சுருக்குங்கள். ஐந்து நிமிடமாகியும் நல்ல தாக்குதல் ஒன்றுகூட அமையாவிட்டால் அகலத்தைக் கூட்டுங்கள், அல்லது ஓர் ஆளைச் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

பிள்ளைகள் விதியின் ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள். ஓரப் பட்டையைத் தொட்டால் இரண்டு புள்ளி என்றதும், கோல் வாசலில் இருந்து பந்தைத் திருப்பி ஓரத்துக்குத் தட்டிவிட்டு வருவார்கள். அவர்களைக் கண்டிக்காதீர்கள். விதியை நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். விதியைத்தான் திருத்த வேண்டும். அணிகளின் பலம் ஒரே அளவில் இல்லாதபோது, பின்தங்கும் அணிக்கு ஓர் ஆளைக் கூட்டிக் கொடுப்பது, வலுவான சிறுவனின் காலைக் கட்டிப்போடும் விதியைவிட நல்லது.

ஏழாம் படி: விதியை எடுத்துவிட்டுப் பாருங்கள்

மூன்று, நான்கு வாரங்களுக்குப் பிறகு முதல் படியில் வரைந்த தாளை மீண்டும் எடுங்கள். விதி இல்லாத ஆட்டத்தை அதே இருபது நிமிடம் பார்த்துப் புள்ளிகள் வையுங்கள். தாளில் புள்ளிகள் ஓரங்களுக்குப் பரவியிருந்தால் பழக்கம் ஊன்றிவிட்டது. பரவவில்லை என்றால், பிள்ளைகள் பரிசுப் புள்ளிக்காக மட்டும் செய்திருக்கிறார்கள், காரணம் விளங்கவில்லை. கேள்விகள் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறு களம் எல்லாவற்றையும் கற்றுத்தந்துவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திடீரென்று கிளம்புவதும் நிற்பதும் திரும்புவதும் அதில் ஏராளம். ஆனால் முழு வேகத்தில் நாற்பது மீட்டர் ஓட இடமில்லை. ஓரத்திலிருந்து வரும் கிராஸ், தலையால் முட்டுவது, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நீளப் பாஸ், ஆஃப்சைடு கோட்டோடு விளையாடுவது ஆகியவை பெரிய களத்தில் மட்டுமே வரும். அதனால்தான் அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் ஆறு முதல் எட்டு வயது வரை நான்குக்கு நான்கு, ஒன்பது பத்து வயதில் ஏழுக்கு ஏழு, பதினொன்று பன்னிரண்டில் ஒன்பதுக்கு ஒன்பது என்று படிக்கட்டு அமைத்திருக்கிறது.

அந்த ஏழுக்கு ஏழு ஆட்டத்தில் ஒரு விதி நாமும் எடுத்துக்கொள்ளத் தக்கது. கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுத்ததும், எதிரணி முழுவதும் மைதானத்தின் குறுக்கே போடப்பட்ட ஒரு கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கோல்கீப்பரும் பந்தைக் காலால் ஓங்கி உதைத்துத் தூரத்துக்கு அனுப்பக் கூடாது. ஆகவே பந்து பக்கத்தில் நிற்கும் டிஃபெண்டருக்குத் தரையோடு போகிறது. தாக்குதல் தன் கோலிலிருந்தே நிதானமாகத் தொடங்குகிறது. பள்ளிகளுக்கிடையே நட்பு ஆட்டம் ஏற்பாடு செய்யும்போது, எதிரணியின் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே பேசி, முதல் பாதியை இந்த விதியோடும் இரண்டாம் பாதியை விதி இல்லாமலும் ஆடலாம். கையில் அந்தத் தாளோடு இரண்டு பாதிகளையும் பாருங்கள். அடுத்த வாரம் எந்த ஆட்டத்தை எடுப்பது என்பதை இரண்டாம் பாதியின் புள்ளிகளே காட்டிவிடும்.